ரூபண்ணன் போட்ட கையொப்பங்கள்

பாதை கரையை விட்டு நகர்ந்ததும் அவர் விசாரிக்கத் தொடங்கிவிடுவார். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் வாவியைக் கடக்கிற மிதவைப் படகைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்கிறோம். மோட்டார் சைக்கிள்களுக்கும் மீன் பெட்டிகளுக்கும் நடுவே வழி எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், “வீட்ட சொல்லிற்றா வெளிக்கிட்டீங்க?” என்று கேட்பார். ஓம் என்றால் அடுத்தவரிடம் போவார். இல்லையென்றால், அந்த ஆள் போனை எடுத்து வீட்டுக்குச் சொல்லும்வரை பக்கத்திலேயே நிற்பார். மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு வேலைக்குப் போகிற உத்தியோகத்தர்கள்கூட அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பத்திரிகையை விரிப்பார்கள்.

நானும் அப்படித்தான் அவரை முதலில் கண்டேன். கல்லூரியில் சேர்ந்து இரண்டாவது கிழமை. எங்கள் ஊர் மண்டூருக்கும் உள்ளே கிடக்கிறது; அங்கிருந்து பட்டப்படிப்புக்குத் தெரிவான முதல் ஆள் நான். அந்த நினைப்பில் நடையே மாறியிருந்த காலம். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்று சொன்னதோடு நிற்காமல், அவர் கேட்காமலே கல்லூரிக்குப் போகிறேன் என்றும் சொன்னேன்.

“நானுந்தான்” என்றார். கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். அதே கல்லூரி, அதே ஆண்டு. கந்தப்போடி உதயரூபன் என்று பெயர் அச்சடித்திருந்தது. என் அட்டை இன்னும் கிடைத்திருக்கவில்லை.

கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த ஆண்டில்தான் அங்கே உட்படுத்தல் கல்வித் திட்டம் என்று ஒன்று தொடங்கியது. அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என்று மருத்துவ அட்டையில் எழுதப்பட்ட ஆறு பேர் எங்களோடு ஒரே வகுப்பில் இருந்து படிப்பார்கள். பாடத்தை அவர்களுக்கு ஏற்ற அளவில் பிரித்துக் கொடுப்பார்கள். இரண்டு வருடம் முடித்தால் ஒரு சான்றிதழ். அதை வைத்து விரும்பிய இடத்தில் ஆறு மாதம் வேலை பழகலாம். ஆறு பேருக்கும் ஒவ்வொரு துணை மாணவர். திட்டத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளர் முப்லிஹா மிஸ், ஒரே பாதையில் வருகிறோம் என்பதற்காக என்னை உதயரூபனுக்குத் துணையாகப் போட்டார்.

அவருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் வகுப்பில் எல்லாருக்கும் ரூபண்ணன். சேட்டின் மேல் பொத்தான்வரை பூட்டியிருப்பார். பகிடி சொன்னால் எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு தனியாகச் சிரிப்பார். அதைக் கேட்டு எல்லாரும் இன்னொரு முறை சிரிப்போம். என் சாப்பாட்டுப் பெட்டியில் மீன் பொரியல் இருந்தால் கேட்காமலே ஒன்றை எடுத்துவிட்டு, நான் பார்த்தால் சுவரைப் பார்ப்பார். வேறு விரிவுரையாளர் ஒருவர் அவரை “மகன், சாப்பிட்டீங்களா, மகன்” என்று சின்னப் பிள்ளையோடு பேசுவதுபோலக் குழைந்து கேட்டபோது முகம் கறுத்துவிட்டது. “எனக்கு இருபத்து மூண்டு வயசு. நேராப் பறையுங்க மிஸ்” என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது நூலகம். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், அதுவும் சின்னச் சொற்களை. ஆனால் இலக்கங்கள் அவருக்கு வசம். புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கிற எண்ணைப் பார்த்து அடுக்க விட்டால் ஒரு முழுத் தட்டை அரை மணித்தியாலத்தில் ஒழுங்காக்கிவிடுவார். யாராவது புத்தகத்தை இடம் மாற்றி வைத்தால் அவருக்கு அது செருப்புக்குள் கல் கிடப்பதுபோல. மண்டூர்ப் பக்கத்து வாசிகசாலை ஒன்றில் அவருக்காக ஒரு கதிரை பேசி வைத்திருப்பதாக முப்லிஹா மிஸ் சொன்ன நாளிலிருந்து, படிப்பு எப்போது முடியும் என்று கிழமைக்கு ஒரு தரம் என்னிடம் கேட்பார். எத்தனை மாதம் என்று சொன்னால் போதாது. எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும்.

கல்லூரிக்கு வரும்போது அவருக்குக் கையொப்பம் இல்லை. மருத்துவ அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பெருவிரல் அடையாளந்தான். முப்லிஹா மிஸ் ஒரு மாதம் பக்கத்தில் இருந்து பழக்கினார். பெரிய உ, அதன் வாலிலிருந்து ஒரு நீண்ட அலை, முடிவில் இரண்டு புள்ளி. வரவுத்தாள் வரிசையாகக் கை மாறி அவரிடம் வந்தால் அங்கேயே நின்றுவிடும். பின்னால் இருப்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். இரண்டாவது புள்ளியை வைத்துவிட்டுத் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பார்.

எங்கள் கல்லூரியில் எண்பது வீதம் வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. அதனால் வராதவனுக்கு வந்தவன் கையொப்பம் போட்டு விடுவது எங்களுக்கு முந்திய வருடக்காரர்கள் காலத்திலிருந்தே நடக்கிற வேலை. யாரும் அதைக் களவு என்று நினைத்ததில்லை. ரூபண்ணனிடம் முதலில் கேட்டது ஏறாவூர் றிப்ஷான். “எனக்கும் ஒண்டு போட்டு விடுங்களன் அண்ணன்” என்று பகிடியாகத்தான் கேட்டான். அவர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. றிப்ஷானின் கையொப்பத்தைக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு கிழமை எழுதிப் பழகினார். பிறகு அச்சு அசல் அதேதான்.

இரண்டாம் வருடம் ஏழு பேருடைய கையொப்பம் அவர் கையில் இருந்தது. எங்களைவிட எங்கள் கையொப்பத்தை அவர் கவனமாகப் போட்டார். ஆனால் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது: காரணம் சொல்ல வேண்டும். “என்னத்துக்கு வரல்ல?” என்று கேட்பார். படம் பார்க்கப் போகிறேன் என்றால் போடமாட்டார். காய்ச்சல் என்றால் போடுவார். ஆனால் மறுநாள் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். பொய்க் காய்ச்சல்காரர்கள் அந்த நேரத்தில் நெளிவதைப் பார்க்க வேண்டும்.

அந்த மாசியில் எங்கள் வயல் வட்டையில் வேளாண்மை வெட்டு, நெல் அறுவடை. மழை இறங்கப் பார்த்தது, அப்பாவுக்கு ஆள் கிடைக்கவில்லை. பதினொரு நாள் நான் கல்லூரிக்குப் போகவில்லை. காரணத்தைப் போனில் ரூபண்ணனுக்குச் சொன்னேன். “ஓம் தம்பி, அது ஞாயந்தானே” என்றார். பன்னிரண்டாம் நாள் பாதையில் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, நெல் நனையாமல் வீடு வந்ததா என்பதுதான்.

இரண்டாம் வருடம் முடிய ஆறு கிழமை இருக்கும்போது றிப்ஷான் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். மூன்று கிழமை ஆஸ்பத்திரி. அவனுடைய வாப்பா றவூப் மருத்துவக் கடிதத்தை நேரே அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுத்தார். கடிதம் கொடுத்தால் வரவு தேவையில்லை. அதை ரூபண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை. போட வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. கால் உடைந்து கட்டிலில் கிடப்பதைவிட நல்ல காரணம் அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை. ஒருவரும் கேட்காமலே வகுப்பு நடந்த ஒவ்வொரு நாளும் றிப்ஷானுக்காகப் போட்டார். பரீட்சைக்குத் தகுதியானவர்களின் பட்டியல் தயாரித்த அலுவலக லிகிதர், கால் உடைந்து படுத்திருப்பவன் தினமும் வகுப்புக்கு வந்திருப்பதைக் கண்டுபிடித்தார்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். முப்லிஹா மிஸ் ஒரு பக்கத்தில். துணை மாணவர் என்பதால் ரூபண்ணனுக்குப் பக்கத்துக் கதிரையில் நான். வரவுத்தாளை மேசையில் விரித்து, இதை யார் போட்டது என்று தலைவர் கேட்டார்.

“நாந்தான் சேர்” என்றார். எட்டி ஒரு தரம் பார்த்தார். “சரியாத்தானே இரிக்கி?”

யார் யாருக்கெல்லாம் போட்டீர்கள் என்று கேட்டார்கள். அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விசயம் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வரவுத்தாளில் இருக்கிற வரிசைப்படியே ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஏழாவதாக நிலோஜன் என்றார். நிலோஜன் நான்தான்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்ன தம்பி, இவர் உங்களையும் சேக்கிறார்?”

கள்ளக் கையொப்பம் பிடிபட்டால் ஒரு வருடம் நிறுத்துவார்கள் என்பது எனக்குத் தெரியும். மகன் பட்டதாரியாகப் போகிறான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததும் தெரியும். நான் சொன்னேன்: “அவருக்கு அப்படித்தான் சேர். பேரெல்லாம் குழம்பும்.”

ரூபண்ணன் என் பக்கம் திரும்பினார். கோபப்படவில்லை. நான் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தார். “இல்ல தம்பி. வெட்டு நேரம். பதினொரு நாள்” என்று நினைவுபடுத்தினார்.

யாரும் அதை எழுதவில்லை. முப்லிஹா மிஸ் மட்டும், ஒரு வெள்ளைத் தாளைக் கொடுங்கள், ஏழு கையொப்பத்தையும் இப்போதே போட்டுக் காட்டுவார், உண்மை தெரிந்துவிடும் என்றார். ரூபண்ணன் அதற்குத் தயாராகச் சேட்டின் கையை மடித்துவிட்டார். தலைவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “பாவம், அவரக் கரைச்சல்படுத்த வேணாம் மிஸ்.”

பிறகு மற்றவர்களையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். எல்லாரும் நான் சொன்னதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். றிப்ஷான் ஆஸ்பத்திரியிலிருந்து, தான் கேட்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்தான். அந்த மூன்று கிழமையைப் பொறுத்தவரை அது உண்மை. அறிக்கையில், தான் செய்வதன் விளைவை அறியாதவர், சொல்வதை நம்பத்தக்க சாட்சியமாகக் கொள்ள முடியாது, வகுப்பறையில் வைத்திருப்பது அவருக்கும் மற்றவர்களுக்கும் உகந்ததல்ல என்று எழுதினார்கள். அறிவு வளர்ச்சி குறைந்தவர் என்று தெரிந்தே சேர்த்தவர்கள், அதையே காரணமாகக் காட்டி வெளியே அனுப்பினார்கள். மற்ற ஐந்து பேருக்கும் சின்னதாக ஒரு விழா வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். அடுத்த வருடத்துக்குப் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்ட பெற்றோருக்கு ரூபண்ணனின் கதையைச் சொன்னார்களாம்.

முப்லிஹா மிஸ் ஒரு நாள் நடைபாதையில் என்னை நிறுத்தினார். உங்கட வரவு எத்தனை வீதம் என்று கேட்டார். எண்பத்திரண்டு என்றேன். அந்தப் பதினொரு நாளைக் கழித்தால் எண்பதுக்குக் கீழே என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். “ம்” என்றார். கையிலிருந்த பைல்களை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகும் மூன்று கிழமை ரூபண்ணன் வழமைபோல உடுத்திக்கொண்டு பாதையடிக்கு வந்தார். அவருடைய தாய் அன்னப்பூரணி பின்னால் ஓடிவந்து, இண்டைக்கு லீவு மகன் என்று சொல்லித் திருப்பிக் கூட்டிக்கொண்டு போவார். தம்பி மட்டும் போறாரே என்று அவர் கேட்பது பாதை நகர்ந்த பிறகும் கேட்கும். நாலாவது கிழமையிலிருந்து நான் நகரத்தில் அறை எடுத்துத் தங்கினேன்.

நான் பட்டதாரியானேன். ஊர்ச் சந்தியில் என் படத்தைப் போட்டுப் பதாகை கட்டினார்கள். அப்பா அதன் கீழே சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றதாகச் சொன்னார்கள். அந்தப் பெருமையை நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதனால்தான் இதை எழுதுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

இப்போது பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். போன மாதம் மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுப் படிவங்களை வீடு வீடாகப் போய் நிரப்பச் சொன்னார்கள். பட்டியலில் அவருடைய பெயர் இருந்தது. வேறு ஒருவரிடம் மாற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

அன்னப்பூரணி அம்மா கதிரை போட்டுத் தேத்தண்ணீர் தந்தார். ஆள் நல்லாக் கதைக்கிறதில்ல இப்ப, வெளியில வாறதும் இல்ல என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கல்லூரியால நிப்பாட்டின நேரம் கொஞ்ச நாளா உங்கட பேரச் சொல்லிக்கொண்டே கிடந்தான் மகன். நிலோஜன் பதினொரு நாள், நிலோஜன் பதினொரு நாள் எண்டு. என்ன கணக்கெண்டு எனக்கு விளங்கல்ல. நானும் பறையாம இரி எண்டு ஏசிப்போட்டன்.”

நான் தேத்தண்ணீரைக் குடித்தேன்.

ரூபண்ணன் அறைக்குள்ளிருந்து வந்து எதிரே இருந்தார். உடம்பு பெருத்திருந்தது. சேட் போடவில்லை. என்னைத் தெரிந்ததா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. படிவத்தில் கல்வித் தகைமை என்ற இடத்தில் சான்றிதழின் பிரதி இணைக்க வேண்டும். இணைக்க எதுவும் இல்லை. ‘இல்லை’ என்று எழுதினேன். விண்ணப்பதாரரின் கையொப்பம் என்ற கோடு வந்ததும் பேனையை அவரிடம் நீட்டினேன். நீங்களே போடலாம் அண்ணன், உங்களுக்குத்தான் தெரியுமே என்றேன்.

பேனையை அவர் வாங்கவில்லை.

“எனக்குக் குழம்பும் தம்பி” என்றார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுத்தி இருந்துகொண்டார்.

பாதுகாவலர் கையொப்பமிடவும் படிவத்தில் இடம் உண்டு. அன்னப்பூரணி அம்மா போட்டார். படிவத்தை அன்றே மேலே அனுப்பிவிட்டேன். உதயரூபனுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. மண்டூரில், தாயோடு, வீட்டில் இருக்கிறார்.