ஜரீனாவின் நேர் விமானம்

போன வியாழக்கிழமை பிற்பகல். மீனம்பாக்கத்தில் சர்வதேச வருகை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் காதர் பாய் – குமணன்சாவடியில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்பவர். கோலாலம்பூர் விமானம் இறங்கி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. அதில் அவர் மனைவி வந்திருக்கிறாரா, இல்லையா? எங்கள் இருவருக்குமே தெரியாது.

"ஃபோன் போவ மாட்டேங்குது மேடம்" என்றார், பதினோராவது முறையாக.

மனைவி ஜரீனாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். என் பிளவுஸ்களைத் தைப்பவர். நான் இளைத்துவிட்டதாக இந்தப் பக்கத்தில் பெருமையடித்துக்கொண்ட வாரம், "டேப்பு பழசுக்கா, இழுத்துகிச்சி" என்று ஒரே வாக்கியத்தில் என்னைச் சரி செய்தவர்.

அவருடைய ஒரே மகள் நஸ்ரின் கம்போடியாவில் இருக்கிறாள். நாம்பென் நகரம். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு கார்மெண்ட் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை. நஸ்ரினுக்கு முதல் பிரசவம் நெருங்கியது. மாமியார் இல்லை. அம்மாதான் போயாக வேண்டும்.

அம்மா போக மாட்டேன் என்றார்.

பயம் விமானத்தைப் பார்த்து அல்ல. நடுவில் ஏதோ ஓர் ஊரில் இறங்கி, வேறு விமானம் மாற வேண்டுமாம். "எனுக்கு இங்கிலீஷ் வராது. எந்த கேட்டு, எந்த பிளேனுன்னு யாரக் கேப்பேன்? ஏறுனா ஏறுன எடத்துலருந்து நேரா எறங்கணும்க்கா. நடுவுல உட்டுட்டா நான் செத்தேன்" என்றார். மகள் ஃபோனில் அழுதாள். அம்மா இங்கே தையல் மெஷினில் அழுதார். ஆனால் டிக்கெட் மட்டும் யாரும் போடவில்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. சென்னையிலிருந்து நாம்பென்னுக்கு நேரடி விமானம். வாரம் மூன்று நாள். ஓப்பன் ஸ்கைஸ் ஒப்பந்தத்தின் பலன் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

"ஓப்பன் ஸ்கைன்னா இன்னாக்கா?"

விளக்கினேன். இரண்டு நாடுகள் பேசி வைத்துக்கொள்வது. யாருடைய விமானம் வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், வரலாம். ஒவ்வொரு தடவையும் அனுமதிக்கு அலைய வேண்டாம்.

ஜரீனா ஊசியில் நூலைக் கோத்துவிட்டுக் கேட்டார். "அப்ப இவ்ளோ நாளா வானத்த மூடியா வெச்சிருந்தாங்க?"

யோசித்தால் அப்படித்தான் இருந்திருக்கிறது.

டிக்கெட் போட்டாயிற்று. போக, வர. முப்பது நாள் விசா. இருபத்தெட்டாம் நாள் திரும்புவதாகத் திட்டம். முதல் நாள், முதல் விமானம். விமான நிலையத்தில் ரிப்பன் வெட்டினார்கள். கேக் வெட்டினார்கள். பயணிகளுக்கு ஆளுக்கொரு ரோஜா. யாரோ ஓர் அதிகாரி, முன்னால் நின்றிருந்த ஜரீனாவின் கையில் ஓர் அட்டை விமானத்தைக் கொடுத்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். ஜரீனாவின் இன்னொரு கையில் பிரசவ லேகியம் இருந்த எவர்சில்வர் தூக்கு. மறுநாள் பேப்பரில் தூக்கும் சேர்ந்தே வந்தது.

ஆறாம் நாள் பேத்தி பிறந்தாள். காதர் பாய் கடை கடையாகப் பால்கோவா கொடுத்தார். எனக்கும் ஒரு பொட்டலம்.

மூன்றாவது வாரம் ஒரு மெசேஜ் வந்தது. 'நிர்வாகக் காரணங்களால் இந்த வழித்தடச் சேவை நிறுத்தப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

நான்தான் கால் சென்டருக்குப் பேசினேன். என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்று அரை மணி நேரம் சொன்னார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள். பணிவான குரல்.

"அந்த ரூட் இப்போ இல்ல மேடம்."

"ஓப்பன் ஸ்கைஸ் ஒப்பந்தம் இருக்குன்னு சொன்னீங்களே?"

"ஒப்பந்தம் இருக்கு மேடம். வானமும் ஓப்பனாதான் இருக்கு. ஃப்ளைட்தான் இல்ல."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. வருவதற்கு அனுமதி தேவையில்லை என்றால், நிறுத்திவிட்டுப் போவதற்கும் தேவையில்லை. நமக்குத்தான் இது தோன்றுவதே இல்லை.

கோலாலம்பூர் வழியாக வேறு விமானத்தில் இடம் கொடுத்தார்கள். நடுவில் நான்கு மணி நேரக் காத்திருப்பு. எந்த விஷயத்துக்குப் பயந்து ஜரீனா போகவே மாட்டேன் என்றாரோ, அதேதான் – இப்போது திரும்பி வரும் வழியில், தனியாக.

வீடியோ காலில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் இங்கயே இருந்துக்கறேன்க்கா" என்றார். விசா முடிகிறதே? மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காதே? பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு நஸ்ரின் துணைக்கு வர முடியுமா? எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தும் கேட்டுக்கொண்டே இருந்தோம். கடைசியில் அவரே, "சரி, வரேன்" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவர்கள் சொல்கிற மாதிரி.

நான் சும்மா இருப்பேனா? பன்னிரண்டு படிகள் எழுதினேன். இறங்கியதும் என்ன, எந்தப் பலகையைப் பார்ப்பது, யாரிடம் எப்படிக் கேட்பது. 'எக்ஸ்கியூஸ் மி, விச் கேட் ஃபார் சென்னை?' என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதி, மனப்பாடம் செய்யச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அதன் பிறகுதான் வியாழக்கிழமை. நாம்பென்னில் ஏறிவிட்டார் என்று நஸ்ரின் சொன்னாள். அதோடு சரி. ஃபோன் இல்லை, மெசேஜ் இல்லை. காதர் பாய் வாசலின் தடுப்புக் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. இளைஞர்கள் வந்தார்கள், குடும்பங்கள் வந்தன, விமானப் பணிப்பெண்கள்கூட வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் யாருமில்லை.

அப்புறம் ஜரீனா வந்தார். டிராலியைத் தள்ளிக்கொண்டு, மெதுவாக, வேடிக்கை பார்த்தபடி.

"இன்னா இவ்ளோ லேட்டு?" காதர் பாயின் குரல் உடைந்துவிட்டது.

"பெட்டி கடைசியா வந்துச்சி. ஃபோன்ல சார்ஜ் இல்ல. அதுக்கு நீ ஏன்யா அழுவுற?"

காரில் ஏறிய பிறகு கேட்டேன். எப்படி மாறினீர்கள்?

"அங்க சுத்தம் பண்ற அம்மாவே தமிழுக்கா. கேட்டு எங்கன்னு கேட்டேன். இட்டுகினு போய் உக்கார வெச்சிட்டா."

பன்னிரண்டு படிகள்?

"அத்தப் படிக்கவே இல்லக்கா. தப்பா நெனச்சிக்காதீங்க."

நினைத்துக்கொள்ளவில்லை. தமிழ் பேசும் ஊருக்குப் போகிறவருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான்.

கார் போரூரைத் தாண்டியது. ஜரீனா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"கெளம்பறப்போ நஸ்ரின் அப்படி அழுதா. நான் அழுவல. பிளேன் மாறணுமே, மாறணுமேன்னு அதே பயம். புள்ளய ஒழுங்கா பாத்துட்டுகூட வரல. மலேசியாவுல கேட்டாண்ட உக்காந்தப்புறம்தான் அழுவ வந்துச்சி. நாலு மணி நேரம் இருந்துச்சில்ல... நல்லா அழுதேன். அந்தம்மா பக்கத்துல வந்து, யாரு தவறிட்டாங்கன்னு கேட்டா. யாரும் தவறல, பேத்தி பொறந்துகீறான்னேன். அவளுக்கு ஒண்ணும் புரியல. ஆனா போவாம என் கூடவே உக்காந்துருந்தா."

காதர் பாய் முன் சீட்டிலிருந்து திரும்பாமல் மூக்கை உறிஞ்சினார்.

மூன்றரை மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுகிற நேர் விமானத்தில், இதற்கெல்லாம் நேரம் ஒதுக்குவதில்லை.