வில்லுக்குறியில் நிற்கும் பாட்டு

தாழக்குடியில் வள்ளிநாயகம் பியானோ படிக்கிறார் என்பது தெரு முழுக்கத் தெரியும். அவர் வாசித்து ஒரு ஈ, எறும்பு கேட்டதில்லை என்பதும் தெரியும். காதில் தேங்காய்மூடி போல இரண்டு வட்டங்களை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டி அந்த மனிதர் கட்டைகளை அமுக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் உண்டு. பார்த்தவர்கள் எல்லாரும் அவர் பெண்டாட்டி நீலம்மையிடம் வந்து, "அண்ணாச்சிக்கு ஒண்ணுமில்லல்லா?" என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்கள்.

ஆயுசில் பாதியை நாகர்கோவில் - குலசேகரம் பஸ்ஸில் கண்டக்டராக விசில் ஊதியே கழித்தவர் அவர். மகள் ஆர்த்திகா பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசைப்பட்டு ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கினாள். ஆசை தீர்ந்ததும் அதை ஊருக்கு ஏற்றிவிட்டாள். நீலம்மை அதன்மேல் மடித்த துணியை அடுக்கி வைத்திருந்தாள். ரிட்டயர் ஆன மறுவாரம் வள்ளிநாயகம் துணியைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"நீங்க என்ன வேணும்னாலும் செய்யுங்கோ. எனக்குக் கேக்கப்பிடாது," என்றாள் நீலம்மை. அதற்காகத்தான் ஹெட்போன்.

யூடியூபைப் பார்த்து அவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு பழைய சினிமாப் பாட்டு. சுரம், தாளம் என்றெல்லாம் சொன்னால் மனிதருக்கு ஏறாது. ஆகவே பாட்டை ஸ்டாப் ஸ்டாப்பாகப் பிரித்துக்கொண்டார். தொடக்கம் வடசேரி ஸ்டாண்டு. முதல் வரி முடியும் இடம் பார்வதிபுரம். அடுத்தது சுங்கான்கடை. அதற்கப்புறம் விரல் ஒரேயடியாக மேலே தாவ வேண்டிய ஓர் இடம் வரும், அது வில்லுக்குறி. அங்கேதான் வண்டி படுத்துவிடும். தட்டித் தடவி, மூன்றாவது தடவையில்தான் கிளம்பும். பிறகு தக்கலை, திருவட்டாறு என்று தடையில்லாமல் போய்க் குலசேகரத்தில் இறக்கிவிடுவார்.

அவருக்குக் காதில் பாட்டு. மற்றவர்களுக்கு வெறும் கட்டைச் சத்தம், டொக்கு டொக்கு என்று. நாஞ்சில் நாட்டுத் தெரு வீடுகளுக்கு நடுவில் ஒரே சுவர்தான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கோலப்பன், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, கட்டிலே கதியென்று கிடந்தார். ஒருநாள் வள்ளிநாயகம் பார்க்கப் போனபோது, "அண்ணாச்சி, மத்தியானம் நீங்க கொட்டுகேள்லா, நடுவுல ஒரு எடத்துல என்னத்துக்கு நிக்கேள்?" என்று கேட்டார்.

"அது வில்லுக்குறி டே. அங்க கொஞ்சம் எடக்கு."

"சரி சரி, ஆளு ஏறட்டு," என்றார் கோலப்பன், கோணிய வாயோடு சிரித்துக்கொண்டே.

இதற்கிடையில் ஆர்த்திகாவுக்கு இரணியல் பக்கம் சம்பந்தம் குதிர்ந்தது. மாப்பிள்ளை சுதன் தங்கமான பையன். அவனுடைய அம்மா பாட்டு டீச்சர், அதுதான் வினை. ரிசப்ஷனில் அப்பா ஒரு பாட்டு வாசிக்கட்டும் என்று ஆர்த்திகா சொல்லிவிட்டாள். "ஆனா அப்பா, நடுவுல திக்காம வாசிக்கணும். அத்தை முன்னால மானம் போயிரும்," என்றும் சொன்னாள். வள்ளிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க அவரை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை, டிக்கெட்டைத்தான் பார்த்தார்கள். ஒரே ஒரு தடவை ஒரு மண்டபம் முழுக்க அவரைக் கேட்கப் போகிறது. அதில் வில்லுக்குறியில் நிற்பதா? விரல் வீங்க வீங்க அந்த ஓர் இடத்தையே அடித்தார். கடைசியில் ஒரு மத்தியானம் வண்டி வில்லுக்குறியில் நிற்காமல் பறந்தது. ஆனந்தத்தில் ஹெட்போனைக் கழற்றாமலே எழுந்து குதித்ததில் வயர் இழுபட்டு ஸ்டூல் கவிழ்ந்தது.

அன்று சாயங்காலம் கோலப்பன் செத்துப்போனார்.

வள்ளிநாயகம்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். கோலப்பன் அவருக்குச் சொந்தமில்லை, ஒரே சுவர் என்ற பாத்தியதைதான். அடியந்திரம், அதாவது பதினாறாம் நாள் காரியம், முடிகிறவரை அந்தத் தெருவில் ரேடியோ கிடையாது, டிவிக்குச் சத்தம் கிடையாது. எல்லாரும் வாயசைவைப் பார்த்தே சீரியல் கதை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நம்ம மனிதருக்கு விரல் அரித்தது. வெளியில் சத்தமே வராத சாமானுக்கு என்ன தீட்டு என்று ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தார். மறுநாளே ஊர்க்கமிட்டிச் செயலாளர் அனில்குமார் வந்துவிட்டான்.

"அண்ணாச்சி, சாவு வீட்டுச் சுவத்துக்கு இந்தப் பக்கம் நீங்க பாட்டு வைக்கதா பேச்சு."

"சத்தம் வரல்லியே டே!"

"சத்தம் வரல்ல, சம்மதிச்சேன். நீங்க கேக்கேளா இல்லியா?"

"கேக்கேன்."

"அப்போ தெருவுல ஒரு ஆளு பாட்டு கேக்கான்லா?"

வள்ளிநாயகம் ஹெட்போனை எடுத்து அவன் காதில் மாட்டி, முழுப் பாட்டையும் வாசித்தார். தமக்கே கேட்காமல் வாசித்தது அதுதான் முதல் தடவை. அனில்குமாரின் கால் பெருவிரல் தானாகத் தாளம் போட்டது. சுங்கான்கடை தாண்டியதும் தலையும் ஆடியது. ஜன்னலில் இரண்டு பெண்கள் நின்று பார்ப்பதைக் கண்டதும்தான் அவன் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

"நல்லாத்தான் இருக்கு. அதான் தப்பு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பியானோமேல் மறுபடியும் துணி ஏறியது. நீலம்மைக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்த நேரத்தில் சுவரில் டொக்கு டொக்கு என்று கேட்டது. வள்ளிநாயகம் எழுந்து உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ தட்டுகிறார்கள். வடசேரி, பார்வதிபுரம், சுங்கான்கடை... அவருக்கு மயிர்க்கூச்செடுத்தது. "ஏட்டி, கோலப்பன் வந்திருக்கான்!" என்று அலறினார்.

நீலம்மை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தட்டியது அழகம்மை, கோலப்பன் பெண்டாட்டி. அடியந்திரம் கழியாமல் அவள் வாசல்படி இறங்க முடியாது, அதனால் சுவரைத் தட்டியிருக்கிறாள்.

"அவ சொல்லுகா, மத்தியானம் அண்ணாச்சி கொட்டும்போ அவிய நல்ல கைய வச்சுக் கட்டில் சட்டத்துல கூடவே தட்டுவாவளாம். இப்போ அதுவும் இல்லாம, வீடு ஒரு மாதிரி செத்த வீடு போல ஆயிட்டுன்னு அழுகா."

செத்த வீடுதானே என்று அவளிடம் யார் சொல்வது? நீலம்மையும் சொல்லவில்லை.

கமிட்டி கூடியது. துக்க வீடே கேட்கிறது, மறுத்தால் பாவம். பாட்டு வைத்தால் வழக்கம் கெட்டுப்போகும். இரண்டு தடவை காப்பி குடித்த பிறகு அனில்குமார் தீர்ப்புச் சொன்னான்: "கரண்டைப் போடாம வாசிக்கட்டு. கரண்ட் இல்லேன்னா அது மேசை. மேசையில தட்டப்பிடாதுன்னு ஊர்ல ஒரு வழக்கமும் இல்ல."

ஆக, வள்ளிநாயகம் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மேசை வாசித்தார். ஹெட்போன் இல்லாமல் கை ஓடாததால் அதையும் மாட்டிக்கொண்டார். காதிலும் ஒன்றுமில்லை, வெளியிலும் ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் வில்லுக்குறியில் நிற்காமல் ஒரே மூச்சில் குலசேகரம் போய்ச் சேர்ந்து நெஞ்சை நிமிர்த்தினார். சுவரில் ஒரே ஒரு தட்டு விழுந்தது. ஒரு விசில் என்றால் வண்டியை நிறுத்து என்று அர்த்தம். நீலம்மை மறுபடியும் போய்விட்டு வந்தாள்.

"நடுவுல நிக்கல்லியாம்."

"என்னது?"

"அந்த எடம் வந்ததும் அவிய, 'வில்லுக்குறி வந்தாச்சு, ஆளு ஏறட்டு'ன்னு சொல்லிச் சிரிப்பாவளாம். தெனமும் அந்த ஒரு சிரிப்புதானாம். இன்னைக்கு வண்டி நிக்காமப் போயிட்டுன்னு சொல்லுகா."

வள்ளிநாயகத்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன வெளையாடுகாளா? நாய்பாடு பட்டு அந்த எடத்தைத் தாண்டியிருக்கேன். பாட்டு டீச்சர் முன்னால வாசிக்கணும். இப்போ போய்த் தெனமும் தப்பாப் பழகுனா கை அதுலயே நின்னுராதா?"

"அதுஞ்சரிதான்," என்றாள் நீலம்மை. "அப்போ நானே போய்ச் சொல்லுகேன், கண்டக்டர் வண்டி எக்ஸ்பிரஸ் ஆயாச்சு, இனி வில்லுக்குறியில நிக்காதுன்னு."

சொல்லிவிட்டு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பாட்டென்றாலே காதைப் பொத்துகிற பெண்பிள்ளை அவள். வள்ளிநாயகம் ஸ்டூலை மறுபடியும் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார். சுங்கான்கடை தாண்டியதும் விரலைப் பிடித்து நிறுத்தினார். தட்டினார், தடுக்கினார், இன்னொரு தடவை தடுக்கினார், மூன்றாவதில் எடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது.

வேண்டுமென்றே தடுக்குவது லேசான காரியமில்லை. முதல் நாள் அது நடிப்பு மாதிரி இருந்தது. போகப்போகத் தேறிவிட்டார். அடியந்திரம் வருகிறவரை ஒருநாள் விடாமல், கரண்ட் இல்லாத மேசையில், ஒன்றும் கேட்காத ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு தப்பை அட்சரம் பிசகாமல் சாதகம் செய்தார்.

அடியந்திரம் முடிந்து, கல்யாணமும் வந்தது. நாகர்கோவில் மண்டபத்தில் ரிசப்ஷன். வருஷம் கழியாத துக்கக்காரி என்று அழகம்மை மட்டும் வரவில்லை. மேடையில் பியானோ, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். முன்வரிசையில் சம்பந்தியம்மாள் பட்டுச்சேலையில், மடியில் தாளம் போடத் தயாராகக் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வள்ளிநாயகம் தொட்டார். வடசேரியில் மண்டபம் அடங்கியது. பார்வதிபுரத்தில் ஆர்த்திகாவின் முகம் மலர்ந்தது. சுங்கான்கடையில் சம்பந்தியம்மாள் தலையை ஆட்டினார்.

வில்லுக்குறி வந்தது. கை நின்றுவிட்டது.

அவர் நிறுத்தவில்லை, சத்தியமாக நிறுத்தவில்லை. அது பழகின இடத்தில் தானாக நின்றது. தட்டிற்று. தடுக்கிற்று. ஸ்பீக்கர் அதைப் பத்து மடங்காக்கி மண்டபம் முழுக்கக் கொட்டியது. பின்வரிசையில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். ஆர்த்திகா மாப்பிள்ளையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டாவது தடுக்கலில் சம்பந்தியம்மாளின் கை மடிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. வள்ளிநாயகத்துக்கு மானம் போனதாகவே தோன்றவில்லை. ஆளு ஏறட்டு, ஆளு ஏறட்டு என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டி வெள்ளைக் கட்டையும் கறுப்புக் கட்டையும் ஒன்றாகக் கலங்கின. மூன்றாவதில் எடுத்து, தக்கலை, திருவட்டாறு, குலசேகரம் என்று கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு எழுந்து கும்பிட்டார்.

பந்தி நடக்கும்போது வீடியோ எடுத்த சஜின் பைய வந்து காதருகில் குனிந்தான்.

"அங்கிள், வெசனப்படாதீங்கோ. நடுவுல அந்தத் திக்குன எடம் இருக்குல்லா, அதை எடிட்டிங்கில தூக்கிரலாம். ஒரு குஞ்சுக்கும் தெரியாது."

"எடே, அதைத் தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்," என்றார் வள்ளிநாயகம். "அந்த எடத்தை மட்டும் எனக்கு இப்பவே போன்ல அனுப்பு. பக்கத்து வீட்டுல ஒரு ஆளு காத்துக்கிட்டு இருக்கா. மத்ததை வேணும்னா நீ தூக்கிக்கோ."