முகம் தெரியாத சண்டைக்காரி

இந்த நாட்டில் துப்பாக்கி வெடிக்கப்போகிறது என்றால் முன்கூட்டியே வீட்டுக் கதவில் அறிவித்தல் ஒட்டுகிறார்கள். போன நவம்பரில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் தெருக் கதவுகளிலெல்லாம் அப்படியொரு கடதாசி தொங்கியது. தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக வியாழக்கிழமை பகல் இங்கே படம் பிடிப்போம். வெடிச்சத்தம் கேட்கும், புகை வரும், ஒரு பெண் வெளிப்படிக்கட்டிலிருந்து விழுவாள். யாரும் பயப்பட வேண்டாம், பொலிசைக் கூப்பிட வேண்டாம் என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். போர்க்காலத்தில் நமக்கு ஒருவரும் சொல்லிவிட்டுச் சுடவில்லை. நான் குளிரில் நின்று அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். படிக்கட்டிலிருந்து விழப்போகிற அந்தப் பெண் என் மகள் நிலானி.

எல்லாம் ஒரு படக்கதைப் புத்தகத்தில் தொடங்கியது. நிலானி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிரெஞ்சு வாசிப்பு போதாது என்று பள்ளிக்கூடத்தில் குறை சொன்னார்கள். நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். அவள் வேறெதையும் தொடாமல் ஒரு சண்டைக்காரியின் படக்கதைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். அந்தச் சண்டைக்காரிக்குப் பறக்கத் தெரியாது, ஆயுதமும் கிடையாது. துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்கிப் பிழைப்பவள், அநியாயத்தைக் கண்டால் வெறுங்கையோடு இறங்கிவிடுவாள். இடுப்புவரை தொங்கும் ஒற்றைப் பின்னல். "அம்மா, பாருங்கோ, என்ர தலைமயிர் மாதிரியே இருக்கு" என்று நிலானி காட்டினாள். அந்தப் பின்னலுக்காகவே வாசித்தாள். வாசித்ததில் பிரெஞ்சு வந்தது. பிறகு கராத்தே பழகவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில் வகுப்பு. மற்றத் தாய்மார் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளை வரிசையில் நின்று முஷ்டியை மடக்கிக் கத்தியபோது நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

பெண்பிள்ளைகள் வரிசையாக நின்று அடிக்கவும் உதைக்கவும் பழகுவதை அதற்கு முன் ஒரேயொரு தடவைதான் பார்த்திருந்தேன். கிளிநொச்சிப் பக்கம், ஒரு வெட்டவெளி. அந்த வரிசையில் என் அக்கா வதனி நின்றாள். அவள் இயக்கத்துக்குப் போன பிறகு அம்மாவும் நானும் தேடிப்போய் வேலிக்கு வெளியே நின்றோம். காதளவுக்குத் தலைமயிரை வெட்டியிருந்ததால் அம்மாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, நான்தான் காட்டினேன். அக்கா எங்களைக் கண்டாளா என்று தெரியாது, திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவளை நாங்கள் பார்க்கவில்லை. எங்கே விழுந்தாள் என்றும் தெரியாது. 'பெரியம்மா சண்டையில செத்துப்போனா' என்பதற்கு மேல் நிலானிக்கு நான் எதுவும் சொன்னதில்லை, பெயரைக்கூட.

நிலானி வளர்ந்து, கராத்தேயில் கறுப்புப் பட்டியும் வாங்கிய பிறகு ஒருநாள், அந்தப் படக்கதை தொலைக்காட்சித் தொடராகிறது, நடிகைக்குப் பதிலாகச் சண்டை போடவும் விழவும் தன்னை எடுத்திருக்கிறார்கள் என்று வந்து சொன்னாள். சந்தோஷப்படத்தான் முயன்றேன். சில நாட்கள் கழித்து வேலை முடிந்து வந்தபோது, முதுகைக் காட்டியபடி அடுப்படியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். தலைமயிர் காதளவில் இருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆரைக் கேட்டு வெட்டினனீ?"

"டிவில அந்தச் சண்டைக்காரிக்குக் கட்டைத் தலைமயிர் அம்மா. பின்னல் சண்டைக்குள்ள இழுபடுமாம், அதால மாத்திட்டினம். எனக்கும் கவலைதான். புத்தகம் வாசிச்ச ஆக்கள் எல்லாரும் ஏசுகினம்."

"இதுக்கு வேற ஆக்கள் கிடைக்கேல்லையோ?"

"தலைமயிர்தானே, வளரும். ஏன் அழுறியள்?"

அவள் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தந்தாள்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகாமல் மஞ்சள் நாடா கட்டிய இடத்தில் போய் நின்றேன். காதில் கருவி மாட்டிய ஓர் இளம்பெண் ஓடிவந்து, "நீங்கள் டூப்ளூரின் தாயா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். குளிர்கோட்டு தைக்கும் ஆலையில் வேலை செய்பவள் நான். எங்கள் ஆலையில் டூப்ளூர் என்றால் கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் லைனிங் துணி. அந்த ஒரு சொல் மட்டும் பிடிபட, என் கோட்டைப் பற்றித்தான் ஏதோ கேட்கிறாள் என்று நினைத்து, பொத்தானைக் கழற்றி உள்ளே காட்டி, "வி, வி, நல்ல சூடு" என்று பிரெஞ்சில் ஆமோதித்தேன். அவள் குழம்பிப்போய்ப் படிக்கட்டின் உச்சியைக் காட்டினாள். அங்கே ஒரே மாதிரிச் சிவப்புச் சட்டையில், ஒரே மாதிரிக் கட்டைத் தலைமயிரோடு இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி இறங்கி வந்தாள். அவளுக்குப் போர்வை போர்த்திக் கதிரை கொடுத்தார்கள். மற்றவள் அங்கேயே நின்றாள். அப்போதுதான் விளங்கியது, படப்பிடிப்பில் டூப்ளூர் என்பது பதிலுக்கு விழுகிற ஆள்.

வெடி கேட்டது. அறிவித்தலை அத்தனை தடவை வாசித்திருந்தும் என்னை அறியாமலே நடைபாதையில் குந்திவிட்டேன். நிமிர்ந்தபோது படிக்கட்டின் உச்சியில் ஒருவரும் இல்லை. கீழே மெத்தையில் நிலானி குப்புறக் கிடந்தாள். படம்பிடிப்பை நிறுத்தச் சொல்லி "கூப்பே" என்று யாரோ கத்த, எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். அவள் மட்டும் அசையவில்லை. நான் நாடாவுக்குக் கீழால் புகுந்து ஓடினேன். என்ன பெயர் சொல்லிக் கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

"அம்மா, ஒண்டுமில்லை. ஆள் வந்து தோளில தட்டும்வரைக்கும் அசையக்கூடாது எண்டு சொல்லியிருக்கினம்" என்று எழும்பி உட்கார்ந்தவள், என் முகத்தையே பார்த்தாள். "ஆர் அம்மா வதனி?"

"பெரியம்மா," என்றேன். "அவ விழுந்ததை நான் காணேல்லை."

கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

"இன்னொருக்காவோ?" என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டு மூண்டு தரம் விழவேணும். நீங்கள் வீட்டை போங்கோ."

"இல்லை. நிக்கிறன்."

ஒவ்வொரு வெடிக்கும் குந்தினேன். ஆனால் கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு முறையும் தோளில் தட்டியதும் அவள் எழும்புவதற்கு முன் என் பக்கம் ஒரு கையை உயர்த்திக் காட்டினாள்.

தொடர் வெளிவந்த மாலை, யாழ்ப்பாணத்திலிருந்து என் தம்பி வீடியோவில் வந்தான். அங்கே விடிகிற நேரம். நித்திரை முறியாத முகத்தோடு, பிள்ளைகளையும் எழுப்பி வைத்திருந்தான். நான் கைபேசியைத் தொலைக்காட்சிக்கு நேரே பிடித்தேன்.

"எது அக்கா எங்கட பிள்ளை?"

"பொறு... இந்தா, விழுறாள் பார், அதுதான்."

திரையில் குப்புறக் கிடந்த உருவம் மெல்ல அசைந்து எழுந்தது. திரும்பியபோது நடிகையின் முகம்.

"இது ஆர்?"

"இது இந்த நாட்டு ஆக்கள், இவையின்ர பிள்ளை. விழுந்ததுதான் எங்கட."

முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த நிலானி திரும்பினாள். "நானும் இவையின்ர பிள்ளைதானே அம்மா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைப் பொறுமையாகச் சொல்லித் தருவதுபோலச் சொன்னாள்.

"அக்கா, பிள்ளையைக் காட்டுங்கோவன்," என்றான் தம்பி. நான் கைபேசியைத் திருப்பத் தொடங்கி, எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டேன். ஒரு பக்கம் தொலைக்காட்சி, மறுபக்கம் அவள்.

"அக்கா, சுவர்தான் தெரியுது," என்றது தம்பியின் குரல்.