பெடலுக்கு அடியில் கிடந்த ஸ்க்ரூ டிரைவர்

விமானத்தின் இறக்கை காலை ஒன்பது மணிக்கே தோசைக்கல் மாதிரி சுடும். பெட்ரோல் வாசனை சட்டையில் ஏறிவிட்டால் மூன்று சலவைக்கும் போகாது...

பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்துவிட்டு விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தவன் நான். வடக்கே ஒரு பயிற்சித் தளம். பறக்கச் சொல்லிக் கொடுத்தது அதிகாரிகள் என்று காகிதத்தில் இருக்கும். பெல்ட் மாட்டி, தோளில் தட்டி, "போய்ட்டு வா ராசா" என்று அனுப்பியது யார்? நான்தான். இன்றைக்கு ஆகாயத்தில் சத்தம் கேட்டால், ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என் கை பட்டவர்கள். தென்காசியில் இதைக் கேட்காத டீக்கடை கிடையாது.

ஆனால் ஒரே ஒரு நாளை மட்டும் மறக்க முடியவில்லை.

பறக்கச் சொல்லிக் கொடுத்த பயிற்சியாளர் சார், தென்காசிப் பக்கத்துச் சுரண்டைக்காரர். மற்றவர்கள் முன்னால் இங்கிலீஷ். நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்றால் "ஏலே".

அன்றைக்கு ஒரு பஞ்சாப்காரப் பையன் முதல் தடவை தனியாகப் பறக்க வேண்டும். அவனோடு மூன்று சுற்று பறந்துவிட்டு சார் இறங்கினார். "ஏலே, பேனல்ல ஒரு ஸ்க்ரூ ஆடுது, பாரு" என்று சொல்லிவிட்டு, ஓடுபாதை ஓரத்து ரேடியோ கூண்டுக்கு நடந்தார்.

ஏறினேன், முடுக்கினேன், இறங்கினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். பையன் கிளம்பிவிட்டான்.

எங்கள் ஷெட்டில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு டூலுக்கும் அதன் உருவத்தையே சிவப்பு பெயிண்டில் வரைந்திருப்பார்கள். எடுத்ததைத் திரும்ப மாட்டி, எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிய பிறகுதான் விமானத்தை விட வேண்டும். நான் விட்ட பிறகு எண்ணினேன். வேகமான ஆள் என்று பெயர் வாங்கியிருந்தேன் அல்லவா...

பலகையில் ஒரு சிவப்பு உருவம் மட்டும் காலியாக இருந்தது.

ஸ்க்ரூ டிரைவருடைய இடம். அது உருண்டு, விமானத்தைக் காலால் திருப்பும் பெடலுக்கு அடியில் சிக்கினால் பெடல் அமுங்காது. பையன் இறங்கும்போது தெரிந்து என்ன பிரயோஜனம்? சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால்...

ரேடியோ கூண்டுக்கு ஓடினேன். இரண்டு மைல். சரி, அரை மைல் இருக்கும்.

"சார்... ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் காணல."

"எங்கன வச்சே?"

"தெரியல சார். பிளேனுக்குள்ள இருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"தெரியல சார்..."

சார் முகம் வெளுத்தது. ஆனால் மைக்கைப் பிடித்ததும் குரல் மாறிவிட்டது. சிரித்த மாதிரி இங்கிலீஷில் பேசினார். நன்றாகப் பறக்கிறாய், இந்தச் சுற்றோடு இறங்கு, டீ ஆறுகிறது என்று.

"அவன்ட்ட விஷயத்தைச் சொல்லலியே சார்?"

"சொன்னா குனிஞ்சு தேடுவாம்லே. மொத தடவ தனியா பறக்கவன் முன்னாலதான் பாக்கணும். நீ வாயப் பொத்து."

முதல் தடவை இறங்க வந்தவன் உயரத்தைத் தப்பாகக் கணித்து, தொடாமலே மறுபடி மேலே போய்விட்டான். இன்னொரு சுற்று. குலசாமிக்கு என்னென்ன நேர்ந்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. சார் கையிலிருந்த பென்சில் இரண்டு துண்டாகிவிட்டது.

இரண்டாம் தடவை சக்கரம் தரையைத் தொட்டது.

அதற்கு மேல் தென்காசியில் நான் சொல்லி வருவது இது: சார் பெடலுக்கு அடியில் கையை விட்டார், ஸ்க்ரூ டிரைவரை எடுத்து எல்லோருக்கும் காட்டினார், என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

போன வாரம் சாரல் நல்ல சாரல். சார் குடும்பத்தோடு குற்றாலம் வந்திருந்தார். ஐந்தருவிக்கு என் மாப்பிள்ளையும் வந்தார். குளித்துக் கரையேறியதுமே அவர் கேட்டுவிட்டார்.

"சார், அந்த ஸ்க்ரூ டிரைவர் நெசமாவே பெடலுக்கு அடியிலயா கெடந்துச்சு? மாமா அடிக்கடி சொல்லுதாங்க."

சார் என்னைப் பார்த்தார். தலையைத் துவட்டினார்.

"ஆமா. நான்தான் எடுத்தேன்."

மாப்பிள்ளை கார் எடுக்கப் போனதும் துண்டைப் பிழிந்துகொண்டே சார் மெதுவாகக் கேட்டார்.

"ஏலே, எத்தன வருசமா அது பெடலுக்கு அடியில கெடக்கு?"

அன்றைக்கு பையன் இறங்கிய பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விமானத்தின் தரைப் பலகையைக் கழற்றித் தேட நானும் முட்டி போட்டேன். தொடையில் சுருக்கென்று குத்தியது. ஸ்க்ரூ டிரைவர் என் பேண்ட் பாக்கெட்டிலேயே இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். பையன் பார்த்தான். செத்துவிடலாம் போலிருந்தது. ஏழு நாள் கூடுதல் டியூட்டி தண்டனையாகக் கிடைத்தது. அப்போது சார் சொன்னது இவ்வளவுதான்: "வந்து சொன்னே பாரு, அதனால ஏழு நாள். சொல்லாம இருந்திருந்தா உன்ன வீட்டுக்கே அனுப்பிருப்பேம்லே."

மறுநாள் அதே பஞ்சாப்காரன் தனியாகப் பறந்து அழகாக இறங்கினான். பெல்ட் மாட்ட என்னைத்தான் கூப்பிட்டான். இதில் ஒரு சொட்டுகூட நான் சேர்த்தது இல்லை.

அன்றைக்கு வேலையே போகும் என்று தெரிந்தும் மூச்சு வாங்க ஓடிப் போய்ச் சொன்னேன். இன்றைக்கு என் கையை விட்டுப் போக ஒன்றுமில்லை. பென்ஷன் வருகிறது, குற்றாலத்துத் தண்ணீர் தலையில் விழுகிறது... ஆனாலும் மாப்பிள்ளை முன்னால் வாய் திறக்கவில்லை.

அவர் இதைப் படிப்பார். படிக்கட்டும். பலகையில் அந்த இடம் இவ்வளவு நாளும் காலியாகத்தான் இருந்தது; இன்றைக்குத்தான் எடுத்ததைத் திரும்ப மாட்டுகிறேன்.