கதவை மூடிய ஓட்டுநரின் சாட்சியம்

பணிமனையில் அவரை எல்லோரும் ‘நாற்பது’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். முன்னால் சாலை காலியாகக் கிடந்தாலும் வேகமுள்ளை நாற்பதுக்கு மேல் ஏற விடமாட்டார். அவர் வண்டியில் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம் என்று நடத்துநர்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். யாரோடும் வம்புதும்பு கிடையாது. தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கொட்டாவி விட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுவார். அவர் மனைவிக்குத் தையல் நிறுவனத்தில் காலர் தைக்கிற வேலை. இரண்டு பேருக்கும் முதுகுவலி. ஒரே தைலத்தை மாறி மாறித் தேய்த்துக்கொள்வார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு வழக்கமான தடம் கொடுக்கவில்லை. நகராட்சி அலுவலகத்துக்கு வெறும் வண்டியாக ஓட்டிப் போகச் சொன்னார்கள். அங்கே வாசலுக்கு எதிரே நடைபாதையில் நாற்பது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்று பெற்றோர்கள் உட்கார்ந்து அது மூன்றாவது நாள். அனுமதிக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முன்னால் வைத்திருந்தார்கள். கோஷம்கூட இல்லை. ஒரு பெண் மடியில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள்.

காவல் ஆய்வாளர் கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. எல்லோரையும் வண்டியில் ஏறச் சொன்னார். அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். இடம் இல்லாதவர்கள் கம்பியைப் பிடித்து நின்றார்கள். பின்னாலேயே ஆறு காவலர்கள் ஏறினார்கள். வண்டியைக் கிளப்பப் போன ஓட்டுநரை ஆய்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இப்ப எடுக்க வேணாம். கதவ மட்டும் மூடு.”

அவர் பொத்தானை அமுக்கினார். இரண்டு கதவும் மூடின. தலைக்கு மேல் இருந்த நீளக் கண்ணாடியில் அதன்பிறகு நடந்ததை அவர் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்களைத் தடியால் அடித்தார்கள். ஓடுவதற்கு இடமில்லாத இடத்தில் அடி எப்படி விழும் என்று அவர் அதுவரை யோசித்ததே இல்லை. பெற்றோர்களோடு வந்து உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடத்துக் காவலாளி, அறுபதை நெருங்கிய ஒல்லியான மனிதர், முன்னால் இருந்த பெண்ணின் தலை மேல் தன் கையை நீட்டினார். அந்தக் கை வளையக் கூடாத இடத்தில் வளைந்தது. ஓட்டுநர் இருக்கையை விட்டுப் பாதி எழுந்து, “சார், சார்” என்றார். யாரும் திரும்பவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டார். அப்படி உட்கார்ந்ததைப் பற்றி அவர் பல வருடங்கள் யாரிடமும் பேசவில்லை.

எல்லோரையும் காவல் நிலையத்தில் இறக்கிவிட்டு மதியம் பணிமனைக்கு வந்தார். வண்டியை ஒப்படைக்கும்போது குறிப்பேட்டில் எழுத வேண்டும். வழக்கம்போல எழுதினார்: கண்ணாடிகள் சரியாக உள்ளன, சேதம் ஏதும் இல்லை. கையெழுத்துப் போட்டு நேரத்தையும் குறித்தார்.

மறுநாள் காலை வண்டியின் பின்கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. மெக்கானிக் அவரை ஓரமாகக் கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னார். முந்தின நாள் மாலை வண்டியைப் பார்வையிட வேண்டும் என்று இரண்டு காவலர்கள் வந்தார்களாம். அவர்கள் போனபிறகு பார்த்தால் கண்ணாடி இல்லையாம். தனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது, தான் சொன்னதாக எங்கேயும் வாய் திறக்கக் கூடாது என்று ஓட்டுநரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கே மேலாளர் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். கூட்டம் கல்லெறிந்து கண்ணாடியை உடைத்தது, ஓடும் வண்டியிலிருந்து ஒருவர் குதித்துக் கையை முறித்துக்கொண்டார் என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. கீழே ஓட்டுநரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

“நேத்தே எழுதிக் குடுத்துட்டேனே சார், ஒண்ணும் ஒடையலன்னு.”

“அத மாத்திக்கலாம். புதுப் பக்கம் போட்டுத் தரேன்.”

கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அடுத்த வருடம் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. இந்த முதுகோடு ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டாம் என்று மனைவி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனால் ‘ஓடும் வண்டி’ என்ற அந்த இரண்டு சொல்லைத் தாண்டி அவரால் படிக்க முடியவில்லை. வண்டி நின்றிருந்தது. அதை நிறுத்தி வைத்திருந்தது அவர்தான்.

“வேணாம் சார்” என்றார். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வீரத்தால் செய்தார் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அன்றிரவு மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் தட்டை எடுத்து வைத்து, “சரி, போடலன்னா போடல. சாப்பிடுங்க” என்றாள்.

ஒரே வாரத்தில் அவரை நகரத்தின் மறுகோடியில் இருந்த பணிமனைக்கு மாற்றினார்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. பதவி உயர்வுப் பட்டியலில் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களின் பெயர் வந்தது. காவலர்கள் இரண்டு முறை வீட்டுக்கு வந்து, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தோம் என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

கல்லெறிந்ததாக, உட்கார்ந்திருந்த நாற்பத்திரண்டு பேர் மேல் காவல்துறை வழக்குப் போட்டிருந்தது. அவர்களுடைய வக்கீலம்மா எப்படியோ அந்தக் குறிப்பேட்டைப் பற்றித் தெரிந்துகொண்டு அவரைத் தேடி வந்தார். ஓட்டுநர் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஐந்து வருடம் நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்தார். ஒரு நாள் நீதிபதி விடுப்பு, ஒரு நாள் அரசு வக்கீலுக்குக் காய்ச்சல், ஒரு நாள் கோப்பைக் காணோம். ஒவ்வொரு முறையும் விடுப்பு எழுதிக் கொடுத்து, சலவைச் சட்டை போட்டுப் போய், மதியம் வரை வராந்தாவில் உட்கார்ந்து, திரும்பி வருவார். இதற்குள் இரண்டாவது வருடமே பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஆய்வாளர் பதவி உயர்வோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

ஒருவழியாக அவர் கூண்டில் ஏறிய நாளில் அரசு வக்கீல் சிரித்த முகமாகவே கேட்டார். “நீங்க ரோட்டப் பாத்தீங்களா, பின்னால நடக்கறதப் பாத்தீங்களா?”

“வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சுங்க. நின்ன வண்டியில ரோட்டப் பாத்து என்ன பண்றது?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. யாரும் கேட்காமலேயே அடுத்ததைச் சொன்னார்.

“கதவ மூடுனது நான்தான். அதையும் எழுதிக்கோங்க.”

எழுத்தர் தலை நிமிர்ந்து நீதிபதியைப் பார்த்தார். எழுதும்படி நீதிபதி தலையசைத்தார்.

வெளியே வராந்தாவில் பள்ளிக்கூடத்துக் காவலாளி உட்கார்ந்திருந்தார். முறிந்த கை சரியாகக் கூடாமல், முழங்கைக்குக் கீழே ஒருபக்கமாகத் திரும்பியே இருந்தது. இத்தனை வருடத்தில் இருவரும் வணக்கத்தோடு சரி. ஓட்டுநர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கதவ மூடுனது…” என்று ஆரம்பித்தார்.

“தெரியும் தம்பி. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

காவலாளி பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஓட்டுநரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அன்றைக்குப் பேருந்து நிறுத்தம் வரை இருவரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள். காவலாளி தன் மருமகனின் தொல்லையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆறாவது வருடம் நாற்பத்திரண்டு பேரையும் விடுதலை செய்தார்கள். அமைதியாக உட்கார்ந்து கேட்பது மக்களின் உரிமை, அடைத்த வண்டிக்குள் அடித்தது குற்றம் என்று நீதிபதி எழுதியிருந்தார். கண்ணாடி கூட்டத்தால் உடையவில்லை என்பதற்குக் குறிப்பேட்டின் பக்க எண்ணையும் நேரத்தையும் காட்டியிருந்தார். ஆய்வாளர் மேல் துறை விசாரணை நடத்தச் சொல்லியிருந்தார். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள். தீர்ப்பு வந்த அன்று வக்கீலம்மா தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். ஓட்டுநர் நன்றி சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். பட்டப்பகலில் அவர் அப்படித் தூங்கி மனைவி பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற மறுவருடம், அதே பெற்றோர்களில் சிலர் மறுபடி நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் இப்போது தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறார்கள். அதற்கு ஒரு பேருந்து வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் அவரும் போனார். தரையில் உட்கார முழங்கால் ஒத்துழைக்கவில்லை. யாரோ எதிர்க் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி வந்து போட்டார்கள். காவலர்கள் நான்கு பேர் தள்ளி நின்று கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். மாலையில் ஒரு அதிகாரி வந்து மனுவை வாங்கிக்கொண்டார்.

வீடு திரும்பியபோது மனைவிக்கு எப்படியோ விஷயம் தெரிந்திருந்தது.

“அடிச்சாங்களா?”

“இல்ல. இன்னைக்கு அடிக்கல.”

“பஸ் விடுவாங்களாமா?”

“பாக்கறோம்னு சொன்னாங்க” என்றபடி அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.