நல்லெண்ணெய்த் துண்டும் டிரையரும்

எங்கள் வீட்டில் துணி உலர்த்தும் டிரையரை என் கணவர் ‘உன் மெஷின்’ என்றுதான் சொல்வார். வாங்கச் சொன்னவள் நான். வந்த நாளிலிருந்து கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்பவள் நான். அதன் பேரைச் சொல்லி வீட்டில் எல்லோரையும் அதட்டுபவளும் நான். ஆகவே அந்தப் பெயர் நியாயமானதுதான்.

ஆடம்பரத்துக்காக அதை வாங்கவில்லை. எங்கள் மகளுக்கு அப்போது பதினொரு வயது. மூச்சிழுப்பு அவளைப் படுத்திக்கொண்டிருந்தது. கொண்டாப்பூரில் எங்கள் அடுக்ககத்தில் மனிதர்களைவிடப் புறாக்கள் அதிகம். வலை கட்டினால் வலையின் மேல் உட்காரும், வலை கிழிந்தால் உள்ளே வந்து குடும்பம் நடத்தும். பால்கனியில் காயும் துணியில் புறாத்தூசி ஒட்டுகிறது, அதைப் போட்டுக்கொண்டால் இவளுக்கு இழுப்பு வருகிறது என்று டாக்டர் சொன்னார். சரி என்று வீட்டுக்குள் கொடி கட்டினேன். மழைக்காலத்தில் ஈரம் சுவரில் ஏறிப் பூசணம் பூத்தது. அதற்கும் இழுப்பு. வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். அந்த வயதுக் குழந்தை மூச்சு விடுவதற்கு இவ்வளவு கவனம் செலுத்த வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வயிறு எரியும்.

டிரையர் வந்து ஒரு மாதத்தில் அவள் தேறினாள். இரண்டாவது மாதம் முழுக்கப் பள்ளிக்குப் போனாள். அதன் பிறகு அந்த மெஷினுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

பொருத்த வந்த மெக்கானிக் பெரிய மனுஷன், நரைத்த தாடி. யுடிலிட்டி பால்கனியில் மெஷினை வைத்து, பின்னால் வெள்ளிநிறக் குழாயை மாட்டி, ஜன்னல் வழியாக வெளியே விட்டார். கதவைத் திறந்து உள்ளே இருக்கும் ஃபில்டரை உருவிக் காட்டினார். துணியிலிருந்து உதிரும் பஞ்செல்லாம் அதில் சேரும், ஒவ்வொரு தடவையும் எடுத்துவிட வேண்டும் என்றார். “பூல்னா நக்கோ மேடம், யே பஞ்சு ஆக் பகட்தா” என்று நெருப்புப் பற்றுவதைக் கையால் விரித்துக் காட்டினார். நான் போலாரத்தில் வளர்ந்தவள். மறக்க நக்கோ, அதாவது கூடவே கூடாது, என்று அந்தப் பக்கத்து உருதுவில் ஒருவர் சொன்னால் அது எனக்கு நன்றாகவே உறைக்கும்.

அன்றிலிருந்து நான் ஆளே மாறிப்போனேன். ஒவ்வொரு முறையும் ஃபில்டரை உருவி, சாம்பல்நிறப் பஞ்சை வழித்தெடுப்பேன். அடை மாதிரி கையோடு வரும். அதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு, மறுக்க மாட்டேன். மாதம் ஒருமுறை குழாயைக் கழற்றித் தட்டுவேன். வெளிவாயில் புறா கூடு கட்டுகிறதா என்று எட்டிப் பார்ப்பேன். மெஷினை நிறையத் திணிக்கக் கூடாது, முதலில் வாஷிங் மெஷினில் நன்றாகச் சுழற்றிப் பிழிந்திருக்க வேண்டும், ஓடும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போகக் கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மேலே ஒட்டினேன். என் கணவர் அதைப் படித்துவிட்டு, “ஸ்டேஷன்ல கூட இவ்வளவு போர்டு கிடையாதுமா” என்றார்.

அவர் மல்காஜ்கிரிக்காரர். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அந்த வீட்டிலிருந்து அவர் சொத்தாகக் கொண்டுவந்தது சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஒன்றுதான். கொஞ்சநஞ்ச எண்ணெய் இல்லை. நல்லெண்ணெயைச் சூடாக்கி, உச்சந்தலையில் ஆரம்பித்து உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு, சொட்டச் சொட்ட அரைமணி நேரம் வீட்டில் உலாத்துவார். வாயைத் திறந்து பாட வேறு செய்வார். ஐ.டி. கம்பெனியில் வாரம் ஐந்து நாள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் மனிதர் அந்த அரைமணி நேரம் ராஜாவாக இருப்பார். எனக்குப் பார்க்கப் பிடிக்கும், தரையைத் துடைக்கத்தான் பிடிக்காது.

அதற்கென்று மூன்று துண்டுகள் வைத்திருந்தார். எண்ணெய் ஊறி ஊறி மஞ்சளாகி, பழுப்பாகி, நிறமே சொல்ல முடியாதபடி ஆகிவிட்டவை. அவற்றை யாரையும் தொட விடமாட்டார். தனி பக்கெட், வெந்நீர், சோடா உப்பு. அவரே கசக்கி, பால்கனிக் கம்பியில் ஒவ்வொன்றாக விரித்துப் போடுவார். மகள் அந்தத் துண்டைத் தொடுவதில்லை என்பதால் புறாவைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் எதிர் பிளாக்கிலிருந்து பார்த்தால் எங்கள் பால்கனியில் தெரிவது அந்த மூன்று கொடிகள்தான். எனக்கு மானம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை அவர் குளித்துவிட்டுக் காய்கறி வாங்க ரைத்து பஜாருக்குப் போயிருந்தார். பக்கெட்டில் துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. இவ்வளவு நல்ல மெஷினை வீட்டில் வைத்துக்கொண்டு இதென்ன கர்நாடகம் என்று எனக்குத் தோன்றியது. மூன்றையும் எடுத்து வாஷிங் மெஷினில் போட்டு, பிறகு டிரையரில் மற்றத் துண்டுகளோடு சேர்த்து, இருப்பதிலேயே அதிகச் சூட்டில் வைத்தேன். வெளுத்து, வாசனை போய், மனிதர் திரும்பி வரும்போது அசந்துபோவார் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். டிரையர் நிற்பதற்கு முன்னால் கடைசிப் பத்து நிமிடம் வெறும் குளிர்காற்றுதான் ஓடும். துணி காய்ந்த பிறகு எதற்கு வீண் கரண்ட் என்று அதை நான் எப்போதும் பாதியில் நிறுத்திவிடுவேன். துணி சூடாக இருந்தால் மடிப்பதும் சுலபம். என் தாளில் மற்றவர்களுக்கு ஒட்டியிருந்த விதிகளில் அது மட்டும் இல்லை. அன்றும் நிறுத்தினேன். சுடச்சுட எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கூடையில் குவித்து, சூடு போகாமலிருக்க மேலே ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடி, படுக்கையறையில் வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன்.

சாப்பிட்டு முடித்து, அவர் ஹாலில் கண்ணயர்ந்திருந்தார். நல்ல எள் வறுக்கும் வாசனை வந்தது. கீழ்வீட்டில் எள்ளுருண்டை பிடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். “அம்மா, ஏதோ காலின வாசன ஒஸ்தோந்தி” என்றாள். ஏதோ கருகும் வாசனை வருகிறதாம். தமிழில் கேட்டால் பாதி நேரம் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். சொல்லி முடிப்பதற்குள் இருமினாள்.

படுக்கையறைக் கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை. நான் கத்தினேனா என்று தெரியவில்லை. அவர் எழுந்து ஓடிவந்து, புகையும் கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் பாய்ந்து ஷவரைத் திறந்துவிட்டார். கூடையின் அடி உருகி அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. மேலே இருந்த துண்டுகள் நன்றாகத்தான் இருந்தன. நடுவில் இருந்த எண்ணெய்த் துண்டு மூன்றும் கரிக்கட்டையாகி, உள்ளே சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தன. டிரையரை நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. பல மாதங்களாக உள்ளே கிடந்த நெபுலைசரைத் தேடி எடுத்தோம். முகமூடியை மூக்கில் பொருத்திக்கொண்டு, தோள்பட்டை ஏறி இறங்க, அவள் என்னைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்கினாள். மருந்துக் குப்பியை நான் இரண்டு தரம் கீழே போட்டேன். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன்.

மூச்சு சீரானதும் முகமூடியைக் கழற்றிவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “எப்படி நெருப்பு வந்தது?” என்பதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார்.

“என் எண்ணெய்த் துண்டாலதான்டா. எங்க அப்பா ஒர்க்‌ஷாப்ல எண்ணெய் துடைச்ச துணி வேஸ்ட்டை இரும்பு டப்பாவுல போட்டு மூடி வச்சிடுவாங்க. துவைச்சாலும் எண்ணெய் முழுசாப் போகாது, குவிச்சுப் போட்டா உள்ளுக்குள்ளேயே சூடாகித் தானாப் புகையும். தெரிஞ்சிருந்தும் நான் சரியாப் பார்த்துக்கல.”

“கைக்கு அப்பா, ஏன் இப்படி? அந்த ஆயில் பாத்தை நீ நிறுத்தவே மாட்டியா?” என்று மகள் சீறினாள். 

“ஹவ்டா, ஆமா, தப்பு என் மேலதான். நிறுத்திடறேன்.”

அவர் தனி பக்கெட் வைத்ததற்கும், ஒவ்வொன்றாக விரித்துப் போட்டதற்கும், மெஷின் கடைசியில் குளிர்காற்று ஓட்டுவதற்கும் காரணம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்து அவர் யாரிடமும் சொன்னதில்லை. தானே ஏதோ ஞாபகமறதியில் துண்டைக் கூடையில் போட்டுவிட்டதாக நினைக்கிறார் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, வாய் நீளமான நான், வாயை மூடிக்கொண்டேன். அந்த வீட்டில் தப்பே செய்யாத ஆள் நான் ஒருத்திதான் என்று அத்தனை மாதம் அதிகாரம் பண்ணியிருந்தேனே.

அடுத்த சனிக்கிழமை அவர் ஷாம்பு போட்டுப் பத்து நிமிடத்தில் குளித்துவிட்டு வந்தார். பாட்டு இல்லை. மகள் இன்னும் அவரிடம் சரியாகப் பேசவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். நான் என் பங்குக்கு டிரையரைப் போட்டுத் தேய்த்தேன். குழாயைக் கழற்றி நீளத்துக்கும் துடைத்தேன், பின்பக்கப் பலகையைக்கூடத் திருகாணி கழற்றித் திறந்து உள்ளே வாக்குவம் பிடித்தேன். குளிர்காற்று ஓடி முடியும்வரை ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மகளின் சீருடைகள் புறாத்தூசி இல்லாமல் காய்ந்து வந்தன, அவளும் பள்ளிக்குப் போய்வந்தாள். மெஷின் ஒழுங்காக ஓடியது. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை அவர் ஈரத் தலையோடு நாளிதழை விரித்தபோது என்னால் முடியவில்லை. எதிரில் போய் நின்றேன்.

“அந்தத் துண்டை மெஷின்ல போட்டது நான்தாங்க. நீங்க இல்ல.”

அவர் தாளிலிருந்து நிமிரவில்லை. “தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

“பக்கெட்ல ஊறவச்சுட்டுப் போனேன். அது என்ன தானா நடந்து போய் மெஷினுக்குள்ள உட்காருமா?”

“அப்புறம் ஏன் பழியைத் தலையில போட்டுக்கிட்டீங்க? மூணு வாரமா அவ உங்ககிட்ட முகங்கொடுத்துப் பேசல.”

இப்போதுதான் தாளை மடித்தார். “அன்னிக்கு நீ மருந்துக் குப்பியை ரெண்டு தரம் கீழே போட்டதைப் பார்த்தேன். உன்னாலதான்னு அவ எதிர்ல வந்திருந்தா, நீ அடுத்த நாளே மெஷினை வித்துட்டு வந்திருப்பே. அப்புறம் பாப்பா என்ன போட்டுக்கிட்டு ஸ்கூல் போகும்?”

அவர் சொன்னது அப்படியே உண்மை. அந்த ஞாயிற்றுக்கிழமையே விற்றிருப்பேன். புகை வாசனை போகாத வீட்டில், ஒரேயடியாகப் பயந்துகொண்டு, மகளைப் பழையபடி புறாக்களிடம் விட்டிருப்பேன். இந்த மனிதர் இரண்டு நொடியில் அதை யோசித்து முடித்துவிட்டு, தன் குளியலையும் மகளின் பேச்சையும் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்திருக்கிறார். இவரைப் போய் மூன்று வாரம் மகள் பக்கத்தில் இல்லாமல் சாப்பிட விட்டேனே.

“நான் அவகிட்ட சொல்லப் போறேன்” என்றேன்.

“நக்கோமா, விடு. ஆறிப்போச்சு.”

நான் விடவில்லை. மகளை அறையிலிருந்து கூப்பிட்டு, அவர் எதிரிலேயே நிற்கவைத்து, அன்றைக்கு வீட்டைக் கொளுத்தப் பார்த்தது உன் அப்பா இல்லை, நான்தான் என்று சொன்னேன். அன்று மதியம் அவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.