மருந்து கொடுத்தது என் பேரில்

கல்யாணமாகி விழுப்புரம் வந்ததும், நான் படித்த பார்மசி படிப்புக்குப் புகுந்த வீட்டில் ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார்கள். என் சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு, என் மச்சாண்டார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வைத்திருந்த மெடிக்கல் ஷாப்பில் மாட்டினார்கள். சர்டிபிகேட் அங்கே, நான் அடுப்படியில். படித்த ஆள் கூடவே இருந்துதான் மருந்து கொடுக்கணும் என்பது சட்டம். எண்பதுகளில் எங்கள் பக்கம் அதை யார் மதித்தது? டிரக் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சேதி வந்தால் மட்டும் வெள்ளைக் கோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, பஸ் பிடித்துப் போய் ஸ்டூலில் உட்காருவேன். அவர் போனதும் திரும்பிவிடுவேன். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்வானேன்.

என் மகளுக்கு நாலு மாதம் இருக்கும்போது அப்படி ஒரு சேதி வந்தது. போய் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை இன்ஸ்பெக்டரைக் காணோம். கிளியனூரிலிருந்து ஒரு அம்மா வந்து, வீட்டுக்காரருக்குத் தலை சுற்றுகிறது, ஏதாவது மாத்திரை கொடுங்கள் என்றார். அந்த மனுஷன் கடைப் படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, பேச்சு குழறியது. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டேன். முழங்கால் வீக்கத்துக்கு முந்தாநாள் இங்கே வாங்கினதுதான் என்று அந்த அம்மா அட்டையை எடுத்து நீட்டினார்.

சர்க்கரை வியாதி மாத்திரை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்க்கரையே இல்லாத மனுஷன் மூன்று வேளையும் அதை விழுங்கியிருக்கிறார். பக்கத்து டீக்கடையில் ஒரு பிடி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கண் தெளிந்ததும் ரிக்‌ஷாவில் ஏற்றி, அட்டையையும் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர், டாக்டர் எழுத்து புரியவில்லை, அட்டையும் ஒரே மாதிரி இருந்தது என்றார், ஏதோ சோப்பை மாற்றிக் கொடுத்துவிட்டது போல. வந்ததே கோபம் எனக்கு. பில் புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினேன். முந்தாநாள் பில்லின் அடியில், மருந்து கொடுத்த பார்மசிஸ்ட் போட வேண்டிய இடத்தில், என் கையெழுத்து. அதற்கு முந்தின பில்லிலும். நானே போட்டது மாதிரி, சுழி கூடத் தப்பவில்லை. பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். பிரசவ வலியில் நான் கத்திக்கொண்டு கிடந்த தேதியிலும் கடையில் நின்று வரிசையாக மருந்து கொடுத்திருக்கிறேன். அடிப்பாவி, இப்படி எத்தனை பேருக்குக் கொடுத்தேனோ.

மச்சாண்டாரிடம் கேட்டதற்கு, "எல்லாக் கடையிலயும் இப்படித்தான் ஓடிக்கினு இருக்குது. நீ பேஜாரு பண்ணாதம்மா" என்றார்.

சாயங்காலம் அந்த அம்மா திரும்பி வந்தார். குளுக்கோஸ் ஏறுகிறதாம், நன்றாகப் பேசுகிறாராம், இரண்டு நாள் படுத்திருக்கணுமாம். சொல்லிக்கொண்டே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இல்லன்னா எங்க ஊட்டுக்காரரு போயிருப்பாரும்மா. இனிமே நீங்க இருக்கற நாளா பார்த்துத்தான் மருந்து வாங்க வருவேன். எந்தெந்த நாளு இருப்பீங்க?"

தினமும் என்று சொல்லச் சொல்லி மச்சாண்டார் கண்ணைக் காட்டினார்.

"நான் இங்க இருக்கறதே இல்லீங்க" என்றேன். "அந்த மாத்திரைய உங்களுக்குக் குடுத்ததும் என் பேர்லதான்."

 அவர் என் கையை விட்டுவிட்டார்.